அன்கா அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? (டெக்கலாக் 4, தமிழ் சப்டைட்டில் சந்தேகம்)

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வேட்டியைக் கட்டிப் படம் பார்க்கிறோம். அடுத்த வாரம் ‘டெக்கலாக்’ வரிசையில் நாலாவது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி பைபிளின் பத்துக் கட்டளைகளை வைத்து, கட்டளைக்கு ஒன்றாக எடுத்த பத்துப் படங்கள் அவை. ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க முடியாதவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்காகத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம்தானே என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: வார்சாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மிஹாவ் நாற்பதுகளில் இருக்கும் மனிதர் (யானுஷ் காயோஸ்). மகள் அன்காவுக்கு இருபது வயது, நடிப்புப் பள்ளி மாணவி (அட்ரியானா பியெட்ஜின்ஸ்கா). அவள் பிறந்த ஐந்தாம் நாளே அம்மா இறந்துவிட்டாள். அப்பாவும் மகளும் கூட்டாளிகள் மாதிரி இருக்கிறார்கள். அவர் வெளிநாடு போயிருக்கும்போது வீட்டில் ஒரு உறையை அன்கா எடுக்கிறாள். மேலே ‘என் மரணத்துக்குப் பிறகு திறக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள். உள்ளே இன்னொரு உறை. அதில் அம்மாவின் கையெழுத்து: ‘என் மகள் அன்காவுக்கு.’

அவர் திரும்பி வந்ததும் விமான நிலையத்திலேயே அந்தக் கடிதத்தை அன்கா மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். மிஹாவ் உன் அப்பா இல்லை என்கிறது கடிதம். அவர் அவளை அறைந்துவிடுகிறார். அன்றிரவு வீட்டில் நீண்ட பேச்சு. எந்த ஆணோடு இருந்தாலும் யாருக்கோ துரோகம் செய்கிற மாதிரி இருந்தது, அந்த யாரோ நீங்கள்தான் என்கிறாள் அவள். அவருக்குள்ளும் ஏதோ இருந்திருக்கிறது என்பது நமக்கும் புரிகிறது.

என் சந்தேகம் இங்கேதான். போலிஷில் மகள் அப்பாவை ஒருமையில்தான் பேசுவாள், அதனால் அங்கே எதுவும் மாறுவதில்லை. தமிழில் நான் ‘நீங்க’ போட்டால் அவள் இன்னும் மகள். ‘நீ’ போட்டால் காதலி ஆகிவிடுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடவைத்தால் நாடகம் மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

நெறியாளர்

முடிவு வரை பேசுவீர்கள் போலிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும். பொருள் கொஞ்சம் கூர்மையானது, பேச்சு நாகரிகமாக இருக்கட்டும்.

கடைசி பெஞ்ச்

உலகத்தில் வேறு படமே கிடைக்கவில்லையா? மாடியில் குடும்பத்தோடு வருவார்கள். அப்பா மகள் காதல் என்று போஸ்டர் ஒட்டிப்பாருங்கள், அடுத்த மாதம் வேட்டி கட்ட மாடி இருக்காது.

மழைக்குருவி

@கடைசி பெஞ்ச், படத்தில் முத்தம்கூடக் கிடையாது. அவள் நெருங்கி வரும்போது அவர் ஸ்வெட்டரை எடுத்துப் போர்த்திவிடுகிறார். அவ்வளவுதான் ‘அந்த’க் காட்சி. மாடி தப்பிக்கும்.

திண்டுக்கல் பூட்டு

‘நீ’யா ‘நீங்க’யா என்பது எந்த ஊர் மாடி என்பதைப் பொறுத்தது. எங்கள் தெருவில் அப்பாவை ‘வாப்பா, போப்பா’ என்றுதான் பேசுகிறோம். கோயம்புத்தூர்க்காரர் பார்த்தால் முதல் காட்சியிலேயே எழுந்து போய்விடுவார்.

காகிதக்கப்பல்

பின்னணி கொஞ்சம் சொல்கிறேன், உதவலாம். இந்த வரிசைக்கான யோசனை கீஸ்லோவ்ஸ்கியுடையது இல்லை, அவரோடு சேர்ந்து எழுதிய கிரிஸ்டோஃப் பியெசிவிச்சுடையது. அவர் வழக்கறிஞர். எண்பதுகளின் தொடக்கத்தில் போலந்தில் ராணுவச் சட்டம் இருந்த காலத்தில் அரசியல் வழக்குகளில் வாதாடியவர். ரகசியப் போலீஸார் கொன்ற பாதிரியார் போப்பியெவுஷ்கோவின் கொலை வழக்கிலும் இருந்தார். முதலில் பத்துப் படங்களையும் பத்து இளம் இயக்குநர்களுக்குக் கொடுப்பதாகத்தான் எண்ணம். எழுதி முடித்தபின் கொடுக்க மனம் வரவில்லை, பத்தையும் கீஸ்லோவ்ஸ்கியே எடுத்தார். ஒளிப்பதிவை மட்டும் பிரித்துக் கொடுத்தார்: பத்துப் படத்துக்கு ஒன்பது பேர். நாலாவதை எடுத்தவர் கிரிஸ்டோஃப் பாகுல்ஸ்கி. அந்த இரவுக் காட்சியில் முகத்தில் பாதி எப்போதும் இருட்டில் இருப்பதைப் பாருங்கள்.

போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. 1989இல் வெனிஸ் விழாவில் பத்தும் திரையிடப்பட்டன. கம்யூனிச ஆட்சி சரிந்துகொண்டிருந்த நேரம், ஆனால் படத்தில் அரசியலே இல்லை. ரேஷன் வரிசை இல்லை, கட்சி இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார். வீட்டுக்குள் நான்கு சுவரும் இரண்டு மனிதர்களும்தான் மிச்சம்.

இன்னொன்று. ஆற்றங்கரையில் வெள்ளைப் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருவர் அன்காவைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார் இல்லையா? அர்த்தூர் பார்ச்சிஷ். பத்தில் எட்டுப் படங்களில் வருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். யார் என்று படம் சொல்லாது. இதில் கடைசியிலும் அதே படகோடு ஒருமுறை வருவார்.

கோயில்மணி

நான் கத்தோலிக்கன், அதனால் ஒரு விஷயம். எங்கள் பாட்டி சொல்லித்தந்த பழைய மந்திரத்தில் நாலாம் கற்பனை (கட்டளையைத்தான் அப்படிச் சொல்வோம்) ‘பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பாயாக’. சங்கித்தல் என்றால் மரியாதை செய்தல். போலந்து கத்தோலிக்க நாடு, ஆகவே படம் 4 என்றால் இதுதான். சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்த சபையார் எண்ணுவது வேறு மாதிரி: அவர்களுக்கு இது ஐந்தாவது, நாலாவது ஓய்வுநாள். படங்களுக்கு எண் மட்டும்தான், கட்டளை எங்கும் எழுதிக் காட்டப்படாது. என் சி.எஸ்.ஐ. நண்பன் ஒருவன் படம் முழுக்க ‘ஞாயிற்றுக்கிழமை எப்போ வரும்’ என்று காத்திருந்தான். (மாடியில் போடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

படத்தில் உண்மையில் வரும் நாள் ஈஸ்டர் திங்கள். ஞாயிறுக்கு மறுநாள், என் நண்பனுக்குத் தப்பிவிட்டது.

மழைக்குருவி

@கோயில்மணி, ஆமாம், தொடக்கக் காட்சி. தூங்கிக்கொண்டிருக்கும் அப்பா மேல் அன்கா தண்ணீரைக் கொட்டுவாள், பிறகு அவர் திருப்பி அவளை நனைப்பார். அது என்ன விளையாட்டு என்று எனக்குப் புரியவே இல்லை. பிறந்தநாள் குறும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதக்கப்பல்

அது ஷ்மிகுஸ் டிங்குஸ். ஈஸ்டர் திங்களன்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிற போலந்து வழக்கம். கிராமங்களில் பையன்கள் பெண்களை நனைப்பார்கள். பிடித்த பெண்ணுக்கு வாளி வாளியாகக் கிடைக்கும். நனையாமல் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அது பெருமை இல்லை. இப்போது நகரங்களில் எல்லோரும் எல்லோர் மேலும் ஊற்றுகிறார்கள்.

திண்டுக்கல் பூட்டு

நில்லுங்கள் நில்லுங்கள். இது நம்ம மஞ்சள் நீராட்டு!

மாரியம்மன் திருவிழா முடிகிற அன்றைக்கு எங்கள் ஊரில் முறைப்பெண்கள் சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நிற்பார்கள். மாமன் மகன், அத்தை மகன் யாராக இருந்தாலும் சட்டை மஞ்சளாகாமல் தெருமுனை தாண்ட முடியாது. என் வெள்ளைச் சட்டை ஒன்று இன்னும் மாம்பழ நிறத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கு உண்டு: முறை இருப்பவர்கள் மேல்தான் ஊற்றலாம். தங்கச்சி முறை வருகிற பெண் ஊற்றமாட்டாள், ஊற்றினால் கிழவிகள் கையைப் பிடித்துவிடுவார்கள். அப்பா மேல் ஊற்றுவது என்ற பேச்சே கிடையாது.

அப்படியென்றால் அந்தப் படத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் அந்த ஆள். மகள் அப்பா மேல் ஊற்றுகிறாள், அப்பா மகள் மேல் ஊற்றுகிறார், வீட்டில் கையைப் பிடிக்கக் கிழவி யாரும் இல்லை.

செம்பருத்தி

பூட்டு அண்ணா, கடைசி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் நான் குறுக்கே ஒன்று சொல்லியாக வேண்டும்.

குடும்பப் பிரச்சினைகளில் ஆலோசனை சொல்கிற வேலையில் பத்து வருடமாக இருக்கிறேன். இந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை அழுதேன், இரண்டாம் முறை கோபம் வந்தது. பிரைஸ்னரின் இசையும் அரை இருட்டும் சேர்ந்து நம்மை மிஹாவ் பக்கம் சாய்த்துவிடுகின்றன. அவர் என்ன செய்தார் என்று பட்டியல் போடுங்கள். மற்ற பயணங்களில் அந்த உறையைக் கையோடு கொண்டுபோகிறவர் இந்த முறை விட்டுவிட்டுப் போகிறார். அவள் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறாள், அவரால் மறுக்க முடியவில்லை. படிக்கட்டும் என்று வைத்திருக்கிறார்! சிறு வயதில் கொடுக்க நினைத்தாராம், ரொம்பச் சின்னவள் என்று தள்ளிப்போட்டாராம், பிறகு பார்த்தால் காலம் கடந்துவிட்டதாம். அடுத்து, தான் அடிக்கடி ஊருக்குப் போனதே, தான் இல்லாத நேரத்தில் அவள் வாழ்க்கையில் திருப்ப முடியாத ஏதாவது நடந்துவிடட்டும் என்றுதான் என்கிறார்.

இருபது வருடம் ஒருவர் பேசாமல் வைத்திருந்ததை இருபது வயதுப் பெண் உடைத்துப் பேசவேண்டியிருக்கிறது. சட்டையைக் கழற்றுகிறவளும் அவளே, அவமானப்படுகிறவளும் அவளே. ஸ்வெட்டர் போர்த்தி அவர் நல்லவர் ஆகிவிடுகிறார். பெரியவருக்கும் சிறியவருக்கும் நடுவில் இருக்கிற அதிகாரம் இப்படித்தான் வேலை செய்யும். என் அறைக்கு வருகிற பெண்களுக்கு யாரும் ஸ்வெட்டர் போர்த்தியதில்லை.

காகிதக்கப்பல்

அக்கா, நீங்கள் சொல்வது எல்லாமே படத்திலேயே இருக்கிறதே. உறையை விட்டுப் போனதை அவரிடமிருந்து கறப்பதே படம்தான். இயக்குநர் அவரைத் தப்பவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செம்பருத்தி

படம் அவரைக் கேள்வி கேட்கிறது, பிறகு மறந்துவிடுகிறது. விடிந்ததும் எல்லாம் சரி. அந்த விடியலைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

வக்கீல் குமாஸ்தா

சட்டப்பக்கம் கொஞ்சம். போலிஷில் இதற்குச் சொல் ‘கஜிரோட்ஸ்த்வோ’. பிரித்தால் குலத்தைக் கறைப்படுத்துவது என்று வரும். போலந்தில் இது தனிக் குற்றம். இப்போது நடப்பில் உள்ள 1997ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 201ஆம் பிரிவு: பெற்றோர் பாட்டன் பாட்டி, பிள்ளை பேரப்பிள்ளை, உடன்பிறந்தோர், தத்தெடுத்தவர், தத்துப்பிள்ளை, இவர்களோடு உடலுறவு கொண்டால் 3 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. இருவரும் வயது வந்தவர்களாக, மனமொத்து இருந்தாலும் சரி. படம் எடுத்த காலத்தில் இருந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குற்றம்தான்.

கவனியுங்கள், தத்து உறவும் அதில் உண்டு. ஆக, சட்டம் ரத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. இன்னொன்று: கல்யாணம் நிலுவையில் இருக்கும்போது பிறந்த பிள்ளைக்குக் கணவனே தகப்பன் என்று அங்கேயும் சட்டம் எடுத்துக்கொள்ளும், நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு மாதிரி. மிஹாவ் அந்தப் பெண்மணியின் கணவர். எனவே கடிதத்தில் எது எழுதியிருந்தாலும், கோர்ட்டுக்குப் போய் உடைக்காதவரை அவர் அப்பாதான். ஒரு காகிதத்தைப் படித்துவிட்டதால் முறை மாறிவிடாது.

(பியெசிவிச் வக்கீல் என்று இப்போதுதான் தெரிந்தது. வாசனை அடித்தது.)

கடைசி பெஞ்ச்

அப்படியென்றால் ரத்த சம்பந்தம் இல்லை என்பதால் ‘பரவாயில்லை’ என்று படம் நழுவுகிறது என்றுதானே அர்த்தம்? உண்மையான அப்பா மகளை வைத்து எடுக்கத் தைரியமில்லை.

காகிதக்கப்பல்

அப்படி நழுவாத போலந்துப் படமும் இருக்கிறது. ‘பெஸ் வ்ஸ்திது’, வெட்கமில்லாமல் என்று பொருள், 2012. ஃபிலிப் மார்ச்செவ்ஸ்கியின் முதல் முழுநீளப் படம். தம்பிக்கு அக்கா மேல் காதல். மாத்தேயுஷ் கோஷ்சியுகேவிச், அக்னியெஷ்கா க்ரொஹோவ்ஸ்கா. அதிலும் அக்கா பெயர் அன்காதான். ரத்தம் உறுதி, ஒளிந்துகொள்ளக் கடிதம் கிடையாது. ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. தீவிர வலதுசாரி ஆள் ஒருவன், ரோமா இனப் பெண் ஒருத்தி என்று பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, நடுவில் இருக்க வேண்டிய இருவருக்கு நேரமே கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். நடிப்பு நன்று.

நாலாம் படம் நழுவுகிறது என்பதை ஏற்க மாட்டேன். முடிவை நினைத்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தை அவள் திறக்கவே இல்லை! விமான நிலையத்தில் ஒப்பித்தது அவளே எழுதியது. வீட்டு நிலவறையில் அம்மாவின் பழைய பெட்டியில் அதே மாதிரி தாளும் உறையும் கிடைக்கிறது, அம்மாவின் கையெழுத்தை எழுதிப் பழகியிருக்கிறாள். நடிப்பு மாணவி இல்லையா. ஆக, அப்பா இல்லை என்பது தெரியாது, அப்பா என்பதும் தெரியாது. தெரியாமலேதான் அந்த இரவு முழுக்க இருவரும் பேசியிருக்கிறார்கள்.

மழைக்குருவி

காலையில் இருவரும் சேர்ந்து அந்தக் கடிதத்தைக் கொளுத்துகிறார்கள். கருகாமல் தப்பிய துண்டுகளைச் சேர்த்து அன்கா படிக்கிறாள். அன்பு மகளே என்று தொடங்கி, முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று போய், ‘மிஹாவ் இல்லை...’ என்பதோடு அறுந்துவிடுகிறது.

இதுவும் ஒரு தலைவலி. போலிஷிலும் ஆங்கிலத்திலும் ‘இல்லை’ முதலில் வந்துவிடும், என்ன இல்லை என்பது கருகிப்போயிருக்கும். தமிழில் ‘மிஹாவ் உன் அப்பா இல்லை’ என்று எழுதினால் ‘இல்லை’தான் கடைசி, நெருப்பு அதைத்தான் முதலில் தின்னும். ‘மிஹாவ் உன்...’ என்று நிறுத்தினால் அர்த்தமே மாறிவிடுகிறது. கடைசியில் ‘மிஹாவ் இல்லை, உன்...’ என்று வைத்திருக்கிறேன். யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

கோயில்மணி

அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. கட்டளையில் மாதாவும் உண்டு. அந்த அம்மா பிள்ளை பெற்று ஐந்து நாளில் சாகிறாள், சாவதற்கு முன் மகளுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம் வைத்திருக்கிறாள், எழுதி உறையில் போட்டுவிட்டுப் போகிறாள். இருபது வருடம் ஒருவர் அதை மறைக்கிறார், இன்னொருத்தி அவள் கையெழுத்தைத் திருடிப் பொய்க்கடிதம் எழுதுகிறாள், கடைசியில் இருவருமாகச் சேர்ந்து கொளுத்துகிறார்கள். பிதாவைக் காப்பாற்ற மாதாவை எரித்துவிட்டார்கள். எனக்கு அந்த நெருப்பு நிம்மதியாக இல்லை.

செம்பருத்தி

இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் தவித்தேன் போலிருக்கிறது.

ஒத்தையடிப்பாதை

இந்தக் குழுவில் எழுதி மூன்று வருடம் ஆகிறது. மழைக்குருவியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டும். படத்தில் வரும் காதல் என் கதையில் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறை மட்டும்தான்.

பத்தொன்பது வயதில் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்று தேவைப்பட்டது. அப்பாவும் நானும் போய் வரிசையில் நின்றோம். எழுத்தர் பழைய பேரேட்டைப் புரட்டி என் பெயர், தேதி, அம்மா பெயர் எல்லாம் வாசித்துவிட்டு, தகப்பனார் பெயர் என்று வேறு ஒரு பெயரை வாசித்தார். தப்பாக வாசிக்கிறார் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் திரும்பினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த ரசீதுத் துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். ‘ஆமா சார், அதுதான், எழுதிக்குங்க’ என்றார்.

அம்மா இரண்டாம் கல்யாணம் செய்தபோது எனக்கு எட்டு மாதமாம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. கோபம் இல்லை, வாயில் அந்தச் சொல் வரவில்லை. தமிழில் அது முடியும், கவனித்திருப்பீர்கள். கல்யாணமான புதிதில் மருமகள் மாமனாரை எப்படிக் கூப்பிடாமலே ஓட்டுகிறாளோ அப்படி. ‘சாப்பாடு எடுத்து வெச்சாச்சு.’ ‘போன் வந்துது.’ ‘லைட்டை அணைக்கலாமா?’ நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. மூன்று நாளும் அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நாலாம் நாள் அவர் கடைவாசலில் குனிந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு மினி லாரி ரிவர்ஸ் வந்தது. ‘அப்பா, வண்டி!’ என்று கத்திவிட்டேன். அவர் நகர்ந்துவிட்டு, அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

படத்தில் காலையில் அன்கா எழுந்து பார்க்கும்போது வீடு காலியாக இருக்குமே. ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கீழே போகிறவரைப் பார்த்துக் கத்துவாளே. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். செம்பருத்தி அக்கா, உங்களுக்கு நம்ப முடியாத அந்த விடியல் எனக்கு நடந்திருக்கிறது. அதற்காக மிஹாவ் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை.

ஆகவே மழைக்குருவி, இரவுக் காட்சியில் அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

திண்டுக்கல் பூட்டு

(இதற்கு நான் ஜோக் அடிக்கப் போவதில்லை.)

ஒன்று மட்டும். நம்மூரில் யாரையாவது அறிமுகப்படுத்தினால் முதல் கேள்வியே ‘உங்களுக்கு அவர் என்ன முறை வேணும்?’ பெயர், வேலை எல்லாம் பிறகு. அந்த இருவரும் ஒரு ராத்திரி முழுக்க முறை தெரியாமல் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

செம்பருத்தி

@ஒத்தையடிப்பாதை, எழுதியதற்கு நன்றி. என் கோபத்தை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இன்னொரு முறை பார்க்கிறேன். உங்கள் அப்பா அந்த வரிசையில் நின்று ‘எழுதிக்குங்க’ என்று சொல்லிவிட்டார். மிஹாவ் உறையை வீட்டில் போட்டுவிட்டு விமானம் ஏறினார். எனக்கு வித்தியாசம் அங்கேதான்.

காகிதக்கப்பல்

அவர் அந்தக் காலையில் எங்கே போனார் என்பதை யாரும் சொல்லவில்லை. பால் வாங்க! ஓடிப்போய்விட்டார் என்று அவளும் பயப்படுகிறாள், நாமும் பயப்படுகிறோம். மனிதர் பால் வாங்கப் போயிருக்கிறார். இந்த வரிசை முழுக்கப் பால் வந்துகொண்டே இருக்கும். ஆறாவதில் டோமெக் என்ற பையன் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே வீடு வீடாகப் பால் போடும் வேலையில் சேருவான்.

மழைக்குருவி

இரவுக் காட்சியை முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். ‘நீ’, ‘நீங்க’ இரண்டையும் எடுத்தாயிற்று. ‘உறையை விட்டுட்டுப் போனது ஏன்?’ ‘தெரியும்ல?’ ‘இப்ப சொல்லலாமே.’ வினைச்சொல்லில் மரியாதை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது, நாலு இடத்தில் வாக்கியத்தையே திருப்பிப்போட்டேன். எழுதி முடித்துப் படித்தபோது போலிஷைவிட இறுக்கமாக இருக்கிற மாதிரி ஒரு பெருமை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கண் மருத்துவர் காட்சியைக் கேட்க மறந்துவிட்டேன். எழுத்துப் பலகையைப் பார்த்து அன்கா ஒவ்வொன்றாகச் சொல்வாளே, எஃப், ஏ, டி, ஹெச், ஈ, ஆர். சேர்த்தால் ஆங்கிலத்தில் அப்பா. அதைத் தமிழாக்காமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறேன். எங்கள் மாடியில் இருக்கிற எல்லோரும் அதைப் படித்துவிடுவார்கள்.

மழைக்குருவி (பத்து நாள் கழித்து)

படம் போட்டாயிற்று. பதினோரு பேர் வந்தார்கள். கடைசி பெஞ்ச் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மாடி வீட்டம்மா கடிதம் எரியும்போது ‘படிச்சிட்டாவது எரிச்சிருக்கலாம்’ என்றார். கோயில்மணி கட்சி.

ஒரே ஒரு சொதப்பல். ஜன்னலிலிருந்து அவள் கத்துகிற இடத்தில், குரலே போதும், எழுத்து வேண்டாம் என்று சப்டைட்டில் போடாமல் விட்டிருந்தேன். போலிஷில் அப்பாவைக் கூப்பிடும் சொல் ‘தாத்தோ’. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், ‘இந்தப் பொண்ணுக்கு தாத்தா வேற இருக்காரா? சொல்லவே இல்ல?’ என்று சத்தமாகக் கேட்டார். மொத்த மாடியும் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

இரவே உட்கார்ந்து அந்த இடத்தில் ‘அப்பா!’ சேர்த்துவிட்டேன். கோப்பு வேண்டுபவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள். அடுத்த மாதம் ஐந்தாவது.